நிழலனின் கிளிப்பச்சைத் தொப்பி

பிப்ரவரி 3, திங்கள்

இன்று முதல் நான் யாருக்கும் அசிஸ்டெண்ட் இல்லை. எழுதும்போதே கை குறுகுறுக்கிறது. சாலிகிராமத்தில் காஸ்ட்யூம் மாஸ்டரிடம் இத்தனை வருடம் ஊசி பொறுக்கினேன். அவர் பெயரில் நான் உடுத்திவிட்ட மாமியார்களும் மருமகள்களும் அம்மன்களும் கணக்கில் அடங்க மாட்டார்கள். இப்போது டைட்டிலில் 'உடைகள்: பூரணி' என்று தனியாக வரப்போகிறது. அதாவது, தொடர் ஒளிபரப்பானால். பாதியில் படுத்துவிட்டால் மாஸ்டரிடமே திரும்ப வேண்டியதுதான். "உன் ஸ்டூல் இங்கயேதான் இருக்கும்மா, எப்ப வேணா வா" என்று அவர் வழியனுப்பிய அழகிலேயே, சாமியிடம் என்ன வேண்டிக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

தொடரின் பெயர் 'நிழலன்'. இயக்குநர் திலகன் இரண்டு கைகளாலும் கதை சொன்னார். ஐம்பதுகளின் மெட்ராஸ். துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா, பகலில் கரப்பான்பூச்சிக்குக்கூடப் பயப்படுபவன். இருட்டியதும் தொப்பியும் நீளக் கோட்டும் மாட்டிக்கொண்டால் அவன் நிழலன். ஒரு நிழலில் கரைந்து இன்னொரு நிழலில் முளைப்பான். பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களுக்கு இவர் செய்யும் மரியாதையாம். அதனால் தொடர் முழுக்கக் கறுப்பு வெள்ளை.

"கரண்ட் போச்சுன்னா அவனை யாராலயும் ஜெயிக்க முடியாது. நம்ம ஊர்ல கரண்ட் போறது வீணாவே போகக் கூடாது பூரணி" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

கறுப்பு வெள்ளைதானே, கறுப்புத் துணியில் ஒரு கோட்டு, வெள்ளையில் ஒரு சட்டை, வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். கேமராமேன் என்னை மானிட்டருக்கு முன்னால் உட்கார வைத்தார். கறுப்புக் கோட்டு போட்டவர் தார் டின்னில் விழுந்து எழுந்தவர் மாதிரி இருந்தார். பையும் தெரியவில்லை, பொத்தானும் தெரியவில்லை. வெள்ளைச் சட்டையோ கண்ணைக் குத்தியது.

"கலரைப் பாக்காதீங்க மேடம். வெளிச்சமா, இருட்டா, நடுவாந்தரமா, அதை மட்டும் பாத்துக்கிடுங்க" என்றார்.

அவர் பெயர் லியோ. தூத்துக்குடிக்காரர். சென்னைக்கு வந்து எத்தனையோ காலமாகியும் பேச்சு மட்டும் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. அவருக்கும் இதுதான் தனியாகச் செய்யும் முதல் வேலையாம். ஒரு காலில் பச்சை சாக்ஸும் மறு காலில் பழுப்பு சாக்ஸும் போட்டிருந்தார். கலைஞர்கள் இப்படித்தான் இருப்பார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

சவுகார்பேட்டை. போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, ஒவ்வொரு துணியையும் அதன் வழியாகப் பார்த்தேன்.

"எந்தக் கலர்ல காட்டட்டும்மா?" என்றார் கடைக்காரர்.

"எதுவா இருந்தாலும் பரவாயில்லண்ணே."

ஒரு பெண் வாயால் அப்படி ஒரு பதிலை அவர் ஆயுளில் கேட்டதில்லை போலிருக்கிறது. உட்காரச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்தார். கடைசியில் போன் திரையில் கம்பீரமாகத் தெரிந்தவற்றை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். கோட்டுக்குக் கத்தரிக்காய் நிறம், தொப்பிக்குக் கிளிப்பச்சை, சட்டைக்கு எலுமிச்சை மஞ்சள், கையுறைக்கு ராணி பிங்க். மூட்டையைப் பிரித்துப் பார்த்த அம்மா, "எந்த சர்க்கஸ்டீ?" என்றாள்.

பிப்ரவரி 10, திங்கள்

உடை பொருத்திப் பார்க்கும் நாள். நிழலனாக நடிப்பவர் வாகீசன். இதுவரை குடும்பத் தொடர்களில் நல்ல மாப்பிள்ளையாக வந்தவர். உதடு கருமையாக விழ வேண்டும் என்று மேக்கப்பில் அவருக்குப் பச்சை பூசியிருந்தார்கள். அவர் வெளியே வந்து நின்றதும் லைட்மேன்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திலகன் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவது போலப் பாவனை காட்டினார். அவர் போட்டிருந்தது செருப்பு.

"மேடம், நான் ஹீரோவா இல்ல பொம்மலாட்டமா?" என்றார் வாகீசன்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. முதல் வேலையிலேயே மானம் போகிறதே என்று நின்றபோது, லியோ சார் மட்டும் சிரிக்கவில்லை. வாகீசனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்ல கண்ணியமான உடுப்பு. தொப்பி ரொம்பப் பொருத்தம்" என்றார். கிண்டலே இல்லை. பிறகு விளக்கைப் போட்டு மானிட்டரைக் காட்டினார். அதில் நின்றது நிழலன். கோட்டின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு ரகசியம் இருந்தது. செட்டே வாயை மூடிக்கொண்டது.

உடனே திலகன் ஒரு விதி போட்டார். படப்பிடிப்பில் யாரும் நடிகர்களைப் பார்க்கக் கூடாது, மானிட்டரை மட்டுமே பார்க்க வேண்டும். உடையோடு யாரும் போட்டோ எடுக்கக் கூடாது.

அத்தனை பேரில் ஒருவர்கூடவா என் வேலையைப் புரிந்துகொள்ள மாட்டார் என்று நினைத்தேன். ஒருவர் புரிந்துகொண்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று என்ன நாள் என்று நான் கவனிக்கவில்லை. சிவப்பு சில்க் காட்டன் கட்டிக்கொண்டு போனது அலமாரியில் அதுதான் மேலே இருந்ததால். எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். வாகீசன்கூடச் சொன்னார். லியோ சார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யார் எதிர்பார்த்தார்கள். மதியம் தலைவலி.

பிப்ரவரி 19, புதன்

இன்று பிணம் எழுந்துவிட்டது.

கறுப்பு வெள்ளையில் ரத்தம் சரியான கருமையோடு வழிய, கருப்பட்டிப் பாகுதான் தோது என்று கண்டுபிடித்திருக்கிறோம். கொலையான கள்ளக்கடத்தல்காரர் பாகில் நனைந்து துறைமுகக் கல்லில் கிடக்கிறார். பனிமூட்டத்துக்குச் சாம்பிராணி போட்டிருந்தார்கள். செட் முழுக்கத் தலைக்குக் குளித்த வாசனை. நிழலன் வந்து தொப்பியைத் தாழ்த்தி, "இந்த ஊரில் வெளிச்சத்துக்குக்கூட லஞ்சம் கொடுக்க வேண்டும்" என்கிறான். சிகரெட் பிடித்தால் திரையின் கீழே எச்சரிக்கை வாசகம் ஓடும் என்பதால், எங்கள் நிழலன் கோட்டுப் பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலம் எடுத்துக் கொறிப்பான். ஒரு கடலையை வாயில் போட்ட அந்த உருக்கமான நொடியில் பிணம் "ஐயோ எறும்பு" என்று துள்ளி எழுந்து ஓடியது. பின்னாலேயே எறும்புக் கூட்டமும் போயிருக்க வேண்டும்.

சிரித்துச் சிரித்து என் இடுப்பில் சொருகியிருந்த அளவு டேப் அவிழ்ந்து விழுந்தது. அதை எடுத்துத் தந்தவர் யார் என்று எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

கேன்டீனில் லியோ சார் என் எதிரே வந்து உட்கார்ந்து, "இதுல காரச் சட்னி எது மேடம்?" என்று கேட்டார். ஒரு கிண்ணத்தில் தக்காளி, ஒன்றில் கொத்தமல்லி. பச்சைக் குழந்தைக்கும் தெரியும். என்னோடு பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது, பாவம். நான் ஒன்றும் தெரியாதவள் போலத் தக்காளிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "யாருடீ அந்த லியோ? மூச்சுக்கு மூச்சு லியோ சார், லியோ சாருங்கிற."

வேலை விஷயம் பேசினால் இப்படி.

பிப்ரவரி 27, வியாழன்

"இன்னைக்குப் போட்டிருக்கிற கட்டம் நல்லா இருக்கு மேடம்" என்றார். துவைத்துத் துவைத்துச் சாயம் போன, கட்டம் போட்ட பழைய சுடிதார். அவருக்காக எடுத்த, தவறு, மேலே இருந்ததால் கட்டிய சிவப்புச் சேலைக்கு ஒன்றுமில்லை. சாயம் போனதற்குப் பாராட்டு. ஆண்களின் ரசனையே தனி.

கட்டம் போட்டது இன்னும் இரண்டு வாங்கலாம் என்றிருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

வாகீசனைக் கொன்றுவிடலாம் போல இருக்கிறது.

விதியை மீறி, முழு உடையில் பச்சை உதட்டைக் குவித்து செல்ஃபி எடுத்துப் போட்டுவிட்டார். "என் ரசிகைகளுக்கு ஒரு சின்ன சர்ப்ரைஸ்" என்று தலைப்பு வேறு. மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் அந்தப் படம். அதில் கிளிப்பச்சைத் தொப்பி, ராணி பிங்க் கையுறை, முகத்தில் தத்துவ விசாரம். "மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு" என்று கேட்டவர்களே அதிகம்.

மாஸ்டர் போன் செய்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டூலுக்குப் புது மெத்தை போட்டிருப்பதாக மட்டும் சொன்னார்.

மார்ச் 13, வியாழன்

சேனலிலிருந்து பத்மஜா மேடம் வந்தார். நிகழ்ச்சிகளுக்கெல்லாம் தலைவி. குரலை உயர்த்தாமலேயே ஆளைச் சாய்க்கக் கூடியவர்.

"இவ்வளவு கலர் இருக்கா? இதை வச்சுக்கிட்டா எங்களுக்குக் கறுப்பு வெள்ளை காட்டுறீங்க? ஜனங்க டிவி ரிப்பேர்னு கேபிள்காரருக்குப் போன் பண்ணுவாங்க திலகன். எனக்குக் கலர்ல வேணும். திங்கக்கிழமை சாயந்திரம் முதல் எபிசோடு காட்டுங்க. சரியா வரலன்னா இதோட நிறுத்திக்கலாம்."

திலகன் நாற்காலியிலேயே சரிந்தார். மானிட்டர்தான் கறுப்பு வெள்ளை காட்டுகிறதே தவிர, கேமரா எல்லா நிறத்தையும் அப்படியே உள்ளே சேர்த்து வைத்திருக்கிறது. கலரில் ஓடவிட்டால் என் வேலை ஊர் சிரிக்கும். ஓடவிடாவிட்டால் தொடரே இல்லை, என் பெயரும் இல்லை.

"லியோ, நீதான் உக்காந்து கலரைச் சரிபண்ணணும்" என்றார் திலகன். லியோ சாரின் முகம் சுண்டிப்போனது. நான் பார்த்தேன். எழுந்து வெளியே போனவர் திரும்ப வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

போனை எடுக்கவில்லை. படப்பிடிப்புத் தளத்துக்கே போனேன். காலியான செட்டில் கேமராப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான் மேடம்" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. "சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். மீனு வாங்க அனுப்பும்போது செவுளு செவப்பா இருக்கான்னு பாருலேன்னு எங்கம்மா சொல்லுவா. எனக்கு எல்லா செவுளும் ஒண்ணுபோலத்தான் தெரியும். மோந்து பாத்துதான் வாங்கிட்டு வருவேன்."

"இத்தனை நாள் எப்படிங்க சமாளிச்சீங்க?"

"மீட்டர் இருக்கு. பெரிய கேமராமேனுக்குக் கீழ இருந்தேன், கலரை அவரு பாத்துக்கிட்டாரு. திலகன் சார் கறுப்பு வெள்ளைன்னு சொன்னதும் ஓடி வந்தேன். இதுல மட்டும் மத்தவங்களும் நானும் ஒண்ணுல்லா. இப்ப கலருங்காங்க. திங்கக்கிழமை எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப அன்னைக்கு உடுப்பைப் பாத்து நீங்க சிரிக்காம இருந்தது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கோட்டு நீலம், தொப்பி காக்கின்னு நெனச்சேன். எல்லாரும் எதுக்குச் சிரிக்காங்கன்னே எனக்குப் புரியல."

வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. அந்தச் செட்டில் ஒரே ஒருவர் என் வேலையை மதித்தார் என்று இத்தனை நாள் மிதந்துகொண்டிருந்தேன். அவர் மதிக்கவில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சிவப்புச் சேலை, சட்னிக் கிண்ணம், எல்லாவற்றையும் நானாக இட்டுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

துணி துவைத்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டு நாளாக ஒன்றை யோசிக்கிறேன். உடுப்பு நிறம் அவருக்குத் தெரியவில்லை, சரி. ஆனால் கோட்டின் மடிப்பை அவர் பார்த்தார். ஒவ்வொரு மடிப்புக்கும் தனித்தனியாக விளக்கு நகர்த்தினார். கட்டம் போட்ட சுடிதாரில் கட்டம் தெரிந்தது, சொன்னார். தெரிந்ததை எல்லாம் சொல்லித்தான் இருக்கிறார் மனுஷன். தெரியாததைத் தெரிந்ததாக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

போன் செய்தேன். "நாளைக்கு நான் பக்கத்துல உக்காந்து கலர் சொல்றேன், நீங்க வெளிச்சத்தைப் பாருங்க" என்றேன்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். ஜலதோஷமாக இருக்கும்.

மார்ச் 17, திங்கள்

இதை நிதானமாக எழுத முடியுமா என்று தெரியவில்லை. முயல்கிறேன்.

வடபழனியில் கலர் சரிபார்க்கும் ஸ்டுடியோ. குளிர் அறை, பெரிய திரை, ஆபரேட்டர், நாங்கள் இருவர். தொப்பியைப் பழுப்பாக்கச் சொன்னேன். தொப்பி பழுப்பானது, கூடவே வாகீசனின் பச்சை உதடு கருகி, முகத்துக்குக் காமாலை வந்தது. முகத்தைச் சரிசெய்தால் கோட்டு பீட்ரூட் ஆனது. கோட்டைப் பிடித்தால் கையுறை நழுவியது. மத்தியானம் வரை இதே கூத்து. சாயந்திரம் பத்மஜா மேடம் வருகிறார். நான் நகத்தைக் கடித்து முடித்துவிட்டேன்.

லியோ சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் பழையபடி போடுங்க" என்றார் ஆபரேட்டரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. இதுல அப்படி என்னதான் இருக்கு? எல்லாரும் சிரிச்சாங்களே, எனக்கும் சொல்லுங்க" என்றார்.

கிளிப்பச்சையைத் தெரியாதவருக்குக் கிளிப்பச்சையை எப்படிச் சொல்வது? யோசித்தேன்.

"சார், சத்தமா நெனச்சுக்குங்க. தொப்பி வந்து நாதஸ்வரம். கோட்டு, கல்யாண ஊர்வலத்துல வர்ற பேண்டு செட்டு. கையுறை ரெண்டும், திருவிழாவுல பிள்ளைங்க காதுகிட்ட வந்து ஊதுமே, அந்தப் பிளாஸ்டிக் ஊதல். உதடு, சைக்கிள் ஹாரன். எல்லாம் ஒரே நேரத்துல அடிக்குது. நடுவுல வாகீசன் சோகமா நின்னு கடலை தின்னுறாரு."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் திரையைப் பார்த்தார். அங்கே நிழலன் தொப்பியைத் தாழ்த்தி, வெளிச்சத்துக்குக்கூட லஞ்சம் என்று ஆரம்பித்தான்.

முதலில் தோள் குலுங்கியது. பிறகு அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாதஸ்வரம், நாதஸ்வரத்தைத் தலையில போட்டுக்கிட்டா இத்தனை நாள் அழுதான்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் உடைகளைப் பார்த்து அந்த யூனிட்டில் கடைசியாகச் சிரித்த ஆள் அவர். சேர்த்து வைத்துச் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. பிணம் எழுந்து ஓடிய காட்சி அதில் வெட்டப்படாமல் கிடந்தது. அது வந்ததும் ஆபரேட்டர் மேசையில் தலையை வைத்துவிட்டார். அஞ்சலி செலுத்த வந்தவர் முகத்தோடு உள்ளே நுழைந்த திலகன், "என் படத்தைப் பாத்தா சிரிக்கிறீங்க" என்று கோபமாக உட்கார்ந்தார். கடலைப் பொட்டலம் வந்தபோது அவரும் சிரித்துத் தரையில் சரிந்தார்.

கதவைத் திறந்த பத்மஜா மேடத்துக்குக் கண்ணில் பட்டது, ஒரு இயக்குநர், ஒரு கேமராமேன், ஒரு உடை வடிவமைப்பாளர், மூன்று பேரும் தரையில்.

என் வாய் தானாகப் பேசியது. "மேடம், இதைச் சரிபண்ண முடியாது. சரிபண்ணவும் வேணாம். கறுப்பு வெள்ளையில பாத்தா பயமா இருக்கும். கலர்ல பாத்தா வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். ஒரே கதை, ஒரே ஷூட்டிங். ரெண்டையும் போடுங்க."

 அவர் இரண்டையும் பார்த்தார். கறுப்பு வெள்ளையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கலரில், பிணம் ஓடியபோது அந்தக் கைப்பையால் வாயை மூடிக்கொண்டார்.

"சனிக்கிழமை ராத்திரி கறுப்பு வெள்ளை. ஞாயித்துக்கிழமை காலைல குழந்தைங்களுக்குக் கலர்" என்றார். "பிணம் ஓடுறது கலர்ல இருக்கணும். கலர் யார் பாத்தது?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லியோ சார் எழுந்து நின்றார். அவர் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை.

"எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது மேடம். பிறவியிலேயே. கலர் பாத்தது இவங்கதான்."

 எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதை இங்கே எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

"அப்ப நிழலுக்கு உங்க பேரு, கலருக்கு அவங்க பேரு. டைட்டில்ல சரியாப் போடுங்க" என்று சொல்லிவிட்டு பத்மஜா மேடம் போய்விட்டார். வெளியே போன பிறகு வராந்தாவில் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

மார்ச் 18, செவ்வாய்

மாஸ்டருக்குப் போன் செய்து, ஸ்டூலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். மெத்தையோடு.

ஏப்ரல் 26, சனி

கறுப்பு வெள்ளை வந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோதே பக்கத்துத் தெருவில் கரண்ட் போனது. அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் "நிழலன், நிழலன்" என்று கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கலர் இன்றைக்கு. லியோ சார் சர்ச்சில் காலைப் பூசை முடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை, அம்மா கூப்பிட்டிருக்கிறாள். அவருடைய நம்பர் அம்மாவுக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. அம்மா அவர் தட்டில் சட்னியை ஊற்றும்போதே, "இது காரம் தம்பி, இது மல்லி" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். என் வாய் இந்த வீட்டில் எதையும் அடக்கி வைப்பதில்லை போலிருக்கிறது.

டைட்டில் ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு நிறத்தில் குதித்துக் குதித்து வந்தது.

"உங்க பேரு வந்ததும் என்ன கலருன்னு சொல்லணும்" என்றார் லியோ சார்.

வந்தது. 'உடைகள், வண்ணம்: பூரணி.' திரை முழுக்க, நான் மட்டும், தனியாக.

"என்ன கலரு?" என்றார்.

"தெரியலைங்க" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. கண்ணில் நீர் நிறைந்து, எழுத்துகள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் பெயர் போய்விட்டது. அம்மாவிடம் கேட்டால் அவள் திரையைப் பார்க்கவே இல்லை, எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, பரவால்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துச் சொல்லுங்க" என்றார் லியோ.

அடுத்த ஞாயிறும் வருவார்.